முனியப்பனிலிருந்து முப்பத்தோரு மீட்டர்

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆபீசுக்கு மாதாமாதம் எழுதிக் கொடுக்கும் டைரி வேறு. அதில் எத்தனை கல் பார்த்தேன், எத்தனை மனு முடித்தேன் என்பது மட்டும்தான் இருக்கும். பதினாறு வருடமாக நில அளவர் வேலை. இத்தனை வருடம் எழுதிக் கொடுத்ததை யாராவது பிரித்துப் பார்த்த அடையாளம் இல்லை. இது என் மகள் யாழினி போன வருடம் பாதியில் விட்ட அறிவியல் நோட்டு. முதல் பன்னிரண்டு பக்கம் தாவரங்களின் பாகங்கள். பதிமூன்றாம் பக்கத்திலிருந்து நான்.

காலையில் தாசில்தார் கூப்பிட்டார். சுண்டப்பள்ளத்தைப் பழைய வரைபடப்படி முழுசாக அளந்து, உள்ளே இருக்கும் ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு. செப்டம்பர் கடைசிக்குள் முடிய வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால்.

எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். சுண்டப்பள்ளம் மொத்தமே ஏழரை கிலோமீட்டர். ஊமக்கரடு, வெள்ளக்கரடு என்று இரண்டு மொட்டைக் குன்றுகள். அவற்றின் தெற்குச் சரிவில் பெய்கிற மழையெல்லாம் இறங்கி, ஒரு குட்டையில் தேங்கி, அங்கிருந்து வழிந்து ஆற்றில் சேர வேண்டும். வருடத்தில் பத்து மாதம் மணல்தான். மீதி இரண்டு மாதம் பார்க்க வேண்டும், அப்போது அதற்கு வருகிற திமிரை.

தாசில்தார் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "யாரோ ஒரு மகராசன் பதினோரு வருசத்துக்கு முன்னாடி பள்ளத்த ஒட்டி இருபத்து மூணு வீட்டுக்கு மனை அளந்து குடுத்திருக்கான். கையெழுத்து யாருதுன்னே தெரியல பாருங்க."

நானும் குனிந்து பார்த்தேன். தெரியவில்லை சார் என்றேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆற்றில் விழும் இடத்திலிருந்து ஆரம்பித்தோம். நானும் செயின்மேன் மாதையனும். மாதையனுக்கு இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு. சங்கிலி பிடித்து அளந்த காலத்திலிருந்து சாட்டிலைட் மெஷின் காலம் வரை வந்துவிட்டவர். மெஷினை அவர் தூக்குவதைப் பார்த்தால் மருமகள் வீட்டுச் சீர்வரிசை போலத் தூக்குவார், எங்கேயும் இடித்துவிடக் கூடாது என்று.

கீழ்ப்பகுதி மூன்று கிலோமீட்டரில் ஒரு அளவைக் கல்கூட மிச்சமில்லை. ஒன்றில் வாழைத்தோட்டக்காரர் துணி துவைக்கிறார். "இது சர்க்கார் கல்லுங்களா? நல்லா வழுவழுன்னு இருக்குதுன்னு எடுத்தாந்தேனுங்" என்றார். கோபப்பட்டேன். அவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்தேன்.

ஆக, முனியப்பனிலிருந்துதான் அளக்க வேண்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

முனியப்பன் என்பது மூன்று கிராமத்தின் எல்லையும் வந்து சேரும் இடத்தில் நட்ட அளவைக் கல். வெள்ளைக்காரன் காலத்துக் கல். ஊருக்கு அது சாமி. மேடை கட்டி, பொட்டு வைத்து, வேல் குத்தியிருக்கிறார்கள். எங்கள் ஆபீசில், பொட்டு வைத்த கல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம். மற்ற கல்லையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடுவார்கள், சாமியை யார் பிடுங்குவார்கள்?

போன நேரம் சரியில்லை. ஆடி கடைசிப் புதன் பூசை. பூசாரி பொங்கியண்ணன் ஒரு குடம் தண்ணீரைக் கல்லுக்கு முன் வைத்துக் கும்பிட்டு, தோளில் ஏற்றி, நேர் கிழக்கே பள்ளத்தின் கரை வரை போய் அங்கே ஓரிடத்தில் ஊற்றிவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பி வந்தார். அதுவரை யாரும் பேசக் கூடாதாம். ஏன் அங்கே போய் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "கேக்கக் கூடாதுங் மேடம்" என்றார். சரி, எனக்கெதற்கு. ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

அவருக்கு எழுபது இருக்கும், மரியாதையான மனிதர். பொங்கல் கொடுத்து, "இங்க வந்தப்பறம் முனி சாந்தமாயிட்டாருங். பயப்படாம அளங்க" என்றார். கல்லின் மேல் மெஷினை வைக்க மேடையில் ஏறும்போது செருப்பைக் கழற்றினேன். மாதையன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சிலிண்டர் வந்தது. மெஷின் பேட்டரி போய்விட்டது. இட்லிமாவு பொங்கி வழிந்து ஃப்ரிட்ஜ் முழுக்க.

ஆகஸ்ட் 19, திங்கள்

அளந்தாயிற்று. முனியப்பனிலிருந்து வரைபடத்தில் உள்ள தூரத்தைப் போட்டால், பள்ளத்தின் அகலம் முழுவதும் புதுக்காலனிக்குள் விழுகிறது. இரண்டு வரிசை, இருபத்து மூன்று வீடு, ஒன்றுகூட மிச்சமில்லை. நிஜமான பள்ளம் வீடுகளுக்குப் பின்னால், கிழக்கே, அது பாட்டுக்குக் கிடக்கிறது.

சட்டப்படி வரைபடத்தில் இருப்பதுதான் பள்ளம். வீடுகள் பள்ளத்துக்குள் இருக்கின்றன. இடிக்க வேண்டியதுதான்.

நிழலுக்காக ஒரு வாசலில் ஒதுங்கினோம். அந்த வீட்டு மயிலாத்தாள் சொம்பில் மோர் கொண்டுவந்தார். ஐம்பதுக்குள் இருக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்.

"நீங்கதானுங்களே அன்னிக்கு வந்தது? ஏழு மாசமோ எட்டு மாசமோ, வயித்தத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல நின்னீங்க. நான் ஒரு எலுமிச்சம்பழம் குடுத்தேன். என்ன கொழந்தைங்க?"

பெண் என்றேன்.

மாதையன் மோரைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் இருந்தார். அன்றைக்குச் சங்கிலி பிடித்ததும் அவர்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பழைய அளவுப் புத்தகம் பரணில் டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். இன்று இறக்க நேரமில்லை. யாழினிக்கு ஆதார் திருத்தம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலனியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை. பெட்டியை இன்றும் இறக்கவில்லை. ஏணி பக்கத்து வீட்டில்.

ஆகஸ்ட் 26, திங்கள்

என் வீட்டுக்காரர் பிரபாகர் நூல்மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவருக்கு என் முகத்தைப் பார்த்தே வயிற்றுக் கோளாறா மனக் கோளாறா என்று சொல்லத் தெரியும். "என்னாச்சு?" என்றார். பள்ளம் அளக்கிற வேலை என்றேன். "பள்ளம் அளக்கறதுக்கு எதுக்கு ரெண்டு வாரமா சாப்பாட்ட மிச்சம் வெக்கற?" என்றார். ஏணியை எடுத்து வரட்டுமா என்றும் கேட்டார். ஏணி பற்றி அவரிடம் எப்போது சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

எழுதிவிடுகிறேன். நோட்டுதானே.

அந்தக் கையெழுத்து என்னுடையது. 2013 மார்ச். முனியப்பனிலிருந்து சங்கிலி போட்டபோதே தெரிந்தது, வரைபடத்தில் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் மேட்டு நிலமும் வேலமரமும். பள்ளமோ கிழக்கே தள்ளி இருந்தது. வரைபடத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா? கண்ணை நம்பினேன். மேட்டில் மனை அளந்தேன். அதுவரை சரி. ஆனால் வரைபடம் ஒத்துவரவில்லை என்று மேலே எழுதி அனுப்பியிருக்க வேண்டும். எழுதினால் விசாரணை, மறு அளவை, இன்னும் இரண்டு மாதம். எனக்கு அடுத்த வாரம் பிரசவ விடுப்பு. காலனி ஆட்கள் புளியமரத்தடியில் சாக்குப்படுதா கட்டிக் குடியிருந்தார்கள். நான் ஒரு கோட்டில் அளவைக் குறைத்து, எல்லாம் ஒட்டுவதுபோல் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். கை கூசியது. கூசினாலும் போட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மெமோவுக்குப் பயமில்லை என்று எழுத வந்தேன், அதுவும் பொய். மெமோவுக்கும் பயம்தான். ஆனால் மயிலாத்தாள் வீட்டுச் சுவர் இடிவதற்கு அதைவிடப் பயம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மேலே நடந்தோம். காலனிக்குப் பின்னால் பள்ளத்துக்குள் இறங்கி, தண்ணீர் வருகிற திசைக்கு எதிராக. இதுவரை நான் பள்ளத்தைக் கரையிலிருந்து பார்த்தவள்தான். உள்ளே நடந்தால் அது வேறாக இருக்கிறது. சுண்டைச் செடி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு, நடுவில் ஒரு ஆள் போகிற வழி. மணலில் மயில் நடந்த தடம். ஒரு திருப்பத்தில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

காலனிக்கு நேர் பின்னால் மணல் முடிந்து பாறை. அதில் ஆட்டுக்கல் குழிபோல் வழவழப்பான குழிகள், ஒன்று என் முழங்கை ஆழம். கூழாங்கல் உள்ளே சுழன்று சுழன்று கடைந்த குழி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க மேடம், மயக்கமா?" என்றார் மாதையன்.

"இந்தக் குழி ஆக எத்தன வருசம் ஆகும்?"

அவர் கையை விட்டுப் பார்த்தார். "எங்க பாட்டன், அவிங்க பாட்டன் காலத்துலருந்து ஓடியிருந்தாத்தான் ஆகுமுங்."

அதுதான். வருடத்துக்கு இரண்டு மாதம் ஓடுகிற பள்ளம் பாறையை முழங்கை ஆழம் குடைய ஆயிரக்கணக்கான வருடம் வேண்டும். வரைபடம் போட்டு நூற்றுச் சொச்சம் வருடம். அப்படியென்றால் வரைபடம் போட்ட அன்றும் பள்ளம் இங்கேதான் ஓடியிருக்கிறது. பள்ளம் நகரவில்லை. படம் போட்டவன் தப்பாகப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால்.

இல்லையென்றால் என்ன என்று எழுத வரவில்லை. நாளை யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 31, சனி

யோசித்தேன். ஊமக்கரட்டின் உச்சியில் பாறையிலேயே வெட்டிய எல்லைக் குறி ஒன்று இருப்பதாகப் பழைய பதிவில் இருக்கிறது. வெள்ளக்கரட்டில் இன்னொன்று. அங்கிருந்து முனியப்பன் கல் வரை தூரமும் கோணமும் எழுதி வைத்திருக்கிறார்கள். நட்ட கல்லை நம்ப முடியாது, பாறையை நம்பலாம். செவ்வாய்க்கிழமை ஏறுகிறோம். மாதையனுக்கு முட்டி வலி. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஏறினோம். ஆறரைக்குப் புறப்பட்டு பத்தேகாலுக்கு உச்சி. மெஷினை மாதையன் ஒரு நிமிடம்கூட என்னிடம் தரவில்லை.

உச்சியில் பத்தடி அகல மொட்டைப்பாறை. சுற்றிப் பார்த்தால் சுண்டப்பள்ளம் முழுதும் ஒரே பார்வையில் தெரிகிறது. இரண்டு கரட்டிலிருந்தும் சின்னச் சின்ன நீர்த்தடங்கள் பச்சைக்கோடாக இறங்கி, இரண்டு கிளையாகச் சேர்ந்து, குட்டை, அப்புறம் ஒரே கோடு. காலனியின் தகர, ஓட்டுக் கூரைகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். தூரத்தில் ஆறு. இவ்வளவுதான் இந்தப் பள்ளத்தின் உலகம். பாறைக்கு வடக்கே சரிவது நமக்கில்லை, அது அடுத்த தாலுகாவின் பள்ளத்துக்குப் போகிறது.

மாதையன் சற்று மறைவாகப் போய்விட்டு வந்து, "நல்லா முகட்டுலயே நின்னுட்டேனுங். எந்தப் பள்ளத்துக்குப் போச்சுன்னு தெரியல" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

குறி இருந்தது. பாசி மூடிய முக்கோணம், நடுவில் விரல் நுழைகிற துளை. தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். அங்கே மெஷினை வைத்தோம்.

செப்டம்பர் 4, புதன்

வெள்ளக்கரட்டுக் குறியும் கிடைத்தது. இரண்டு குறியிலிருந்தும் தனித்தனியாகக் கணக்குப் போட்டேன். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. முனியப்பன் கல் இருக்க வேண்டிய இடம், இப்போது இருப்பதற்குக் கிழக்கே முப்பத்தோரு மீட்டர்.

அங்கிருந்து அளந்தால் வரைபடத்துப் பள்ளமும் மண்ணில் ஓடுகிற பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்காருகின்றன. வீடு ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

மூன்று தடவை கணக்குப் போட்டேன். நாலாவது தடவை பிரபாகர் சொல்லச் சொல்ல நான் கால்குலேட்டரில் தட்டினேன். அதே விடை. யாழினி "ஏம்மா அழுவற?" என்றாள். வெங்காயம் என்றேன். கையில் கால்குலேட்டர்தான் இருந்தது.

சாமியை யார் பிடுங்குவார்கள் என்று எழுதினேன் அல்லவா? சாமியாக இருந்ததால்தான் நகர்த்தியிருக்கிறார்கள். வெறும் கல்லாக இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"முனியப்பன் எப்பவும் இதே எடத்துலதான் இருந்தாருங்களா, அண்ணா?"

அவர் முகம் மாறியது. தழையைக் கீழே வைத்தார். "அதப் பேசக் கூடாதுங் மேடம்."

"ஏனுங்?"

"குடியமத்துன சாமிய, முன்னாடி இன்ன எடத்துல இருந்தாருன்னு வாயால சொல்லக் கூடாது. சொன்னா பழைய எடத்துக்குக் கெளம்பிருவாரு. அப்பறம் ரெண்டு எடத்துலயும் நிக்க மாட்டாரு. எங்கய்யன் சத்தியம் வாங்கீட்டுத்தான் கண்ண மூடுனாரு."

அவர் காலனி ஆள் இல்லை. ஆனால் அவர் தங்கையைக் கொடுத்திருப்பது காலனியில், மயிலாத்தாளுக்கு நாலு வீடு தள்ளி. அந்த வீடும் இடிபடப் போகிறது. அவருக்கு நான் முனியப்பனிலிருந்து அளப்பது ஏதோ சாமி கும்பிட்டு வேலை ஆரம்பிக்கிற வழக்கம். அந்தக் கல்லிலிருந்துதான் ஊர் அளக்கப்படுகிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கல் நகர்ந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பதினோரு வருடம் ஆளுக்குப் பாதி தெரிந்துகொண்டு எதிரெதிரே நின்று பொங்கல் சாப்பிட்டிருக்கிறோம்.

அதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை "அட முனியப்பா" என்றார், மெதுவாக.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாங்ணா. ஆடிக்குக் குடம் கொண்டுட்டுப் போய் எங்க ஊத்துவீங்களோ, அங்க போய் நின்னாப் போதும்."

கீழே வைத்த தழையை எடுத்து ஆட்டுக்குக் கட்டி முடித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கல்லருகில் போய்க் கும்பிட்டார். கிழக்கே திரும்பினார். நான் கணக்கில் வந்த இடத்தில் முன்னாலேயே மாதையனை விட்டு ஒரு முளைக்குச்சி அடித்து, மேலே மண்ணைத் தள்ளி மூடியிருந்தேன், அவருக்குத் தெரியக் கூடாதென்று. பொங்கியண்ணன் கரை விளிம்பில் போய் நின்றார். மாதையன் குனிந்து அவர் காலடியில் மண்ணை விலக்கினார். குச்சியின் தலை அவருடைய வலது குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

 திரும்பி வரும்போது அவராகச் சொன்னார். "எனக்கு எட்டு வயசு. பெருவெள்ளமுங். கர அரிச்சுக்கிட்டே வந்துது. அவ்வளவுதான் சொல்லுவேன்."

செப்டம்பர் 6, வெள்ளி

தாசில்தாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். கெட்டிக்காரர். ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார். உடனே ஓட்டையையும் பிடித்துவிட்டார்.

"கல்லு நகந்திருக்குது, சரி. எப்ப நகந்துது? போன மாசம் காலனிக்காரங்க சொல்லி நீங்க கணக்க மாத்தீட்டீங்கன்னு எதிர் வக்கீல் கேட்டா? பூசாரி வாயத் தொறக்க மாட்டாருங்கறீங்க. வீடு கட்டறதுக்கு முன்னாடியே கல்லு இங்கதான் இருந்துதுன்னு ஒரு எழுத்து வேணும் தமயந்தி. ஒரு காகிதம் இருந்தாக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

பார்க்கிறேன் சார் என்றேன்.

இருக்கிறது. எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை விண்டுபோயிற்று. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஏணி நாலு நாளாக எங்கள் வீட்டு வராந்தாவில் சாய்ந்திருக்கிறது. பிரபாகர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

ஏறினேன். டிரங்குப் பெட்டி, அதற்குள் யாழினியின் முதல் சட்டை, அதற்கடியில் 2013-ன் அளவுப் புத்தகம். கறுப்பு அட்டை, மூலையை எலி தின்றிருக்கிறது. ஆபீசில் சேர்க்க வேண்டிய புத்தகம். விடுப்பில் போகும்போது கொடுக்காமல் கொண்டுவந்துவிட்டேன். மறந்து அல்ல.

மார்ச் 19. என் கையெழுத்தில், பென்சிலில்: "முனியப்பன் கல்லிலிருந்து வரைபட அளவுக்கும் தரைக்கும் கிழக்கே 31 மீ. வித்தியாசம். பள்ளம் விலகியிருக்கலாம்." கீழே மாதையனின் கைநாட்டு. அப்போது அவருக்குக் கையெழுத்துப் போட வராது, அப்புறம்தான் கற்றுக்கொண்டார். அடுத்த பக்கத்தில் அதே அளவைப் பேனாவில் எழுதியிருக்கிறேன், முப்பத்தொன்று இல்லாமல்.

இதுதான் தாசில்தார் கேட்ட காகிதம். 2013 மார்ச்சிலேயே, ஒரு வீடுகூட எழும்புவதற்கு முன்னாலேயே, அதே முப்பத்தொன்று. கல் அப்போதே நகர்ந்திருக்கிறது. காலனிக்காரர்கள் யோக்கியர்கள். யோக்கியம் இல்லாதது இந்த அடுத்த பக்கம் மட்டும்தான். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மறு பக்கத்தைக் கொடுக்க முடியுமா என்று பார்த்தேன். பார்த்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். ஒரே தாளின் இரண்டு பக்கம்.

கிழித்துக் கொடுக்க முடிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. முடியவில்லை என்றதும் எனக்கு வந்தது ஏமாற்றம் இல்லை, நிம்மதி.

செப்டம்பர் 9, திங்கள்

கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த மகராசன் நீங்கதானா?"

"ஆமாங்க சார்."

"பதினேழு ஏ சார்ஜ் மெமோ வருமுங்க."

"தெரியுங்க சார்."

"டீ சாப்படறீங்களா?" என்றார்.

செப்டம்பர் 12, வியாழன்

நன்றாகத் தூங்குகிறேன். அதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. காலனியிலிருந்து ஒரு வேனில் வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று ஊமக்கரட்டிலிருந்து ஆரம்பித்தேன். மழை எங்கே பிரிகிறது, எந்த வழியாக இறங்குகிறது, பாறையில் குழி எவ்வளவு ஆழம். பிறகு 2013-க்கு வந்தேன். வித்தியாசத்தைப் பார்த்தேன், மறைத்தேன், கையெழுத்துப் போட்டேன் என்றேன்.   பின்னால் திரும்பி மயிலாத்தாளைப் பார்க்கவில்லை.

பொங்கியண்ணனைக் கூப்பிட்டார்கள். சாமியின் பழைய இடம் எது என்று கேட்டார் அதிகாரி.

"நான் சொல்ல மாட்டேனுங்."

"சொல்லலீன்னா எப்படிங்க? இந்தம்மா சொல்றது நெசமா, பொய்யா?"

"அவிங்க சொல்லட்டுமுங். நான் இல்லீனு சொல்ல மாட்டேன்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

செப்டம்பர் 27, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. பாறைக் குறிகளின்படி எல்லை ஏற்கப்படுகிறது. புதுக்காலனி வீடுகள் நீர்வழிக்கு வெளியே உள்ளன. நோட்டீஸ் ரத்து. கீழ்ப்பகுதியில் வாழைத்தோட்டம் நாலு மீட்டர் உள்ளே இருக்கிறதாம், அது எடுக்கப்படும். வாழைக்காரர் இப்போதே எனக்கு இளநீர் கொடுத்ததை நினைத்து வருந்திக்கொண்டிருப்பார்.

எனக்கும் ஒரு காகிதம் வந்தது. ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன், புரியும்படி, முழுப் பெயராக. மாதையன் தன் பங்குக்குத் தாசில்தாரிடம் போய், "கைநாட்டு என்னுதுங், எனக்கு மெமோ இல்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார். விரட்டிவிட்டாராம்.

பிரபாகரிடம் போனில் சொன்னேன். மில் சத்தத்துக்கு நடுவில், "அப்ப இன்னிக்குச் சாப்பாடு மிச்சமாகாது" என்றார்.

செப்டம்பர் 30, திங்கள்

மதியம் நல்ல மழை. கரட்டுப் பக்கம் இன்னும் பலமாம்.

அக்டோபர் 1, செவ்வாய்

எல்லைக் கற்கள் நடுவதற்குக் காலனிக்குப் போனோம். பள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம், கணுக்கால் அளவு, பாறைக் குழிகளில் சுழன்று, வீடுகளுக்குப் பின்னால், அதன் இடத்தில். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

மயிலாத்தாள் வீட்டு வாசலில் ஒரு டெம்போ நின்றது. இடிக்கப் போகிறார்கள் என்று அண்டா குண்டா, கட்டில், இரண்டு ஆடு எல்லாவற்றையும் தங்கச்சி ஊருக்கு அனுப்பியிருந்தவர், இப்போது திரும்ப இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்டாவைக் கீழே வைத்தார். மோர் வரவில்லை.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"வித்தியாசம் இருக்குதுன்னு தெரியுமுங்க்கா. ஏன்னு தெரியாது."

"நோட்டீசு ஒட்டுனப்பவும் தெரியும்."

"தெரியும்."

"நாப்பது நாளு மேடம். பெரியவன் லீவு போட்டுட்டு வந்து வெளிய கயித்துக்கட்டல்ல உக்காந்துக்கிட்டே கெடந்தான். எந்நேரம் ஜேசிபி வருமோன்னு. அன்னிக்கு ஒரு வார்த்த எழுதியிருந்தீங்கன்னா இந்த நாப்பது நாளு எங்களுக்கு இல்ல."

"இல்லைங்க்கா. தப்பு என்னுதுதான்."

மன்னிப்பு கேட்கத்தான் போயிருந்தேன். இரண்டு நாளாக வார்த்தை தேடி வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு நடந்தார். பின்னால் வரச் சொல்லித் தலையை ஆட்டினார். ஆடு ஒன்று என்னை முந்திக்கொண்டு போயிற்று.

"இங்க ஒரு கக்கூசு கட்டோணும். பக்கத்து வீட்டுக்காரி அவ எடம்ங்கறா, நான் என்னுதுங்கறேன். எட்டு வருசச் சண்ட. கவர்மென்டு ஆளு நீங்க, டேப்பும் கையில இருக்குது. அளந்து சொல்லீட்டுப் போங்க. அதையாவது ஒழுங்கா அளங்க."

டேப்பின் முனையை மயிலாத்தாளே சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார். நான் மண்டியிட்டு, மழை ஈரத்தில், டேப்பை இரண்டு தடவை படித்தேன்.

"உங்க எடம் பதினோரு அடி ஆறு அங்குலம்" என்றேன்.

"கொத்தனாருக்குச் சொல்றதுக்குத்தானுங் மேடம். ரவுண்டா பன்னண்டுன்னு போட்டுக் குடுங்க."

"பதினொண்ணு ஆறு" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டார். மயிலாத்தாள் என்னை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, பதினொண்ணு ஆறு. எழுதிக் குடுங்க, பேரும் போடுங்க" என்றார். எழுதினேன். பேரும் போட்டேன்.